பல் முளைத்ததற்கும் கொழுக்கட்டை

குடும்ப ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் ஆரம்பத்திலேயே ஒன்று கேட்பேன்: "வீட்டில் எல்லோரும் சேர்ந்து கடைசியாகச் சந்தோஷமாக இருந்தது எப்போது?" பெரும்பாலும் ஒரு கல்யாணத்தையோ கிரகப்பிரவேசத்தையோ சொல்வார்கள். இல்லையென்றால் இரண்டு வருடம் முன்பு போன கொடைக்கானல். அதற்குப் பிறகு எத்தனையோ நல்லது நடந்திருக்கும். பையன் சைக்கிள் பழகியிருப்பான். பாட்டிக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்திருக்கும். அடகில் இருந்த வளையல் வீடு திரும்பியிருக்கும். எல்லாம் நடந்ததுதான், ஆனால் யாருக்கும் நினைவில் இல்லை.

பெரிய விசேஷங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காதுகுத்துக்குக் கடன் வாங்கி, அந்தக் கடனாலேயே கணவன் மனைவிக்குள் பேச்சு நின்றுபோன வீடுகளைப் பார்க்கிறேன். மண்டபத்தில் பந்தி கவனிப்பதிலும், மொய் எழுதுவதிலும், வராத சொந்தத்தைப் பற்றி வருத்தப்படுவதிலும் வீட்டுக்காரர்களின் நாள் போய்விடுகிறது. குழந்தையோடு உட்கார்ந்து சாப்பிடக்கூட நேரம் இருப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் எட் டீனரும் அவருடைய சகாக்களும் 1991இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: ஒருவருடைய மகிழ்ச்சியைத் தீர்மானிப்பது நல்ல உணர்வு எவ்வளவு தீவிரமாக வருகிறது என்பதைவிட, எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதுதான். வருடத்துக்கு ஒரு பெரிய விழாவை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் மீதி நாட்கள் வெறுமையாகத்தான் தெரியும்.

நம் பெரியவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் குழந்தைக்கு முதல் பல் முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பார்கள். உள்ளே பயறும் சர்க்கரையும், விளிம்பில் பல் வரிசை மாதிரி சின்னச் சின்னத் தேங்காய்த் துண்டுகள். குழந்தையின் தலைக்கு மேல் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு கொழுக்கட்டையைக் கொட்டுவார்கள். முன்னால் புத்தகம், பேனா, நகை என்று வைத்து எதை எடுக்கிறது என்று பார்த்துச் சிரிப்பார்கள். தமிழ்நாட்டிலும் சில வீடுகளில் தவழ்கிற குழந்தை முதன்முதலாக வாசற்படி தாண்டியதற்குக் கொழுக்கட்டை உண்டு. பௌர்ணமி இரவில் மொட்டைமாடியில் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, ஒரே பாத்திரத்தில் பிசைந்து கையில் உருட்டிப் போடும் நிலாச்சோறு உண்டு. சம்பள நாளில் அப்பா வாங்கிவரும் அல்வாவும் மல்லிகைப்பூவும் உண்டு. இதற்கெல்லாம் யாரும் பத்திரிகை அடித்ததில்லை. அந்த வீட்டில் அன்று என்ன நடந்ததோ, அதுவே காரணம்.

அந்தக் காரணத்தைக் கவனிப்பதைத்தான் இன்று நாம் தவறவிடுகிறோம். ஆறாம் வகுப்பு மகள் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக, "பேச்சுப்போட்டியில என் பேரைச் சேர்த்திருக்காங்க" என்கிறாள். ஒரு வீட்டில் போனிலிருந்து தலை நிமிராமல் "ம், நல்லது" என்பார்கள். இன்னொரு வீட்டில் "சரி சரி, யூனிஃபார்மை மாத்து, டியூஷனுக்கு நேரமாச்சு." வேறொரு வீட்டில் "பரீட்சை நேரத்துல இது தேவையா?" அபூர்வமாக ஒரு வீட்டில்தான், "அப்படியா! யார் சேர்த்தது? என்ன தலைப்பு? இப்படி உட்கார்ந்து சொல்லு" என்று கேட்பார்கள்.

உளவியலாளர் ஷெல்லி கேபிள் இந்த நான்கு வகைப் பதில்களையும் தனித்தனியாக ஆராய்ந்தவர். காதல் ஜோடிகளை வைத்து அவரும் சகாக்களும் செய்த ஆய்வு 2006இல் வந்தது. துணை ஒரு கஷ்டத்தைச் சொல்லும்போது எப்படிப் பேசுகிறோம் என்பதைக் காட்டிலும், நல்ல செய்தியைச் சொல்லும்போது எப்படிப் பேசுகிறோம் என்பதோடுதான் உறவின் நலம் நெருக்கமாகப் பிணைந்திருந்தது. என் அறையில் தினமும் பார்ப்பதும் இதுதான். கஷ்டம் வந்தால் நம் குடும்பங்கள் ஓடி வந்துவிடும், ஆஸ்பத்திரியில் முறைவைத்துத் துணை இருப்பார்கள். நல்லது நடந்தால் "கண்ணு பட்டுடும், வெளியே சொல்லாதே" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வெளியே சொல்ல வேண்டாம், சரி. வீட்டுக்குள்ளாவது இரண்டு நிமிடம் அதைப் பேசுங்கள். மகள் சொன்னதை இரவு அப்பாவிடம் மறுபடி அவளையே சொல்லவையுங்கள். அன்று தோசையோடு அவளுக்குப் பிடித்த காரச் சட்னி இருந்தால், அதுவே அன்றைய விழா.

மதிப்பெண்ணுக்கு மட்டும் கேக் வெட்டும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மார்க் குறைந்த நாளில் அந்தக் குழந்தை வீட்டுக்கு வரவே பயப்படும். மேடையில் வார்த்தை மறந்து நின்றுவிட்டாலும், போய் நின்றாளே, அதற்காகவும் ஐஸ்கிரீம் வாங்கலாம். இருட்டுக்குப் பயந்த தம்பி தனியாக மாடிக்குப் போய்த் துணி எடுத்து வந்தால், அதுவும் சேரும்.

அப்புறம், கொண்டாட்டம் என்றாலே அம்மாவுக்குக் கூடுதல் சமையல் என்று ஆகிவிடக் கூடாது. இதைப் பல பெண்கள் என்னிடம் தயங்கித் தயங்கித்தான் சொல்கிறார்கள். அடையாளம் மாற்றி ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். அப்பா லாரி ஓட்டுகிறவர். அவர் வெளிமாநில லோடு இறக்கிவிட்டு வீடு திரும்பும் நாளில் அடுப்பு பற்றவைப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். புரோட்டா வாங்கி, மாடியில் பாய் விரித்து, அவர் போன ஊர்க்கதையைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்கள். இலை எடுப்பதும் பாய் சுருட்டுவதும் பிள்ளைகள் வேலை. அந்த வீட்டில் யாரும் கொண்டாடாமல் விட்டிருந்தது அம்மாவைத்தான் என்பது பிள்ளைகளுக்கே பிறகு தெரிந்தது. அவர் தையல் மிஷினில் முதல் ஆர்டரை முடித்த நாளுக்கு அவர்களாகவே பூ வாங்கி வந்தார்கள்.

குடிப்பழக்கம் உள்ள வீடுகளுக்கு ஒரு முக்கியமான சேதி. ஸ்டீவன் வோலின், லிண்டா பென்னட் என்ற இருவரும் சகாக்களும் 1980களில் குடிநோய் உள்ள குடும்பங்களை ஆராய்ந்தார்கள். இரவுச் சாப்பாடு, பண்டிகை போன்ற வழக்கங்களைக் குடி கலைத்துவிடாமல் காப்பாற்றிய குடும்பங்களில், அந்தப் பழக்கம் அடுத்த தலைமுறைக்குப் போவது குறைவாக இருந்தது. அப்பா அன்றும் குடித்துவிட்டு வரலாம். அதற்காகப் பிள்ளைகளின் பிறந்தநாள் பாயசத்தை நிறுத்திவிடாதீர்கள், அவருக்காக நேரத்தையும் தள்ளிப்போடாதீர்கள்.

துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை கிடையாது என்பார்கள். அந்த மரியாதை இருக்கட்டும். ஆனால் நிலாச்சோறு பண்டிகைக் கணக்கில் வராது. இறந்துபோன தாத்தாவுக்குப் பிடித்த பலகாரத்தைச் செய்து, அவர் செய்த குறும்புகளைப் பேசிச் சிரிப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வருடம் மிக நீளமானது.

இவ்வளவு செய்தும் வீட்டில் ஒருவர் மட்டும் எதிலும் ஒட்டாமல் இருக்கிறாரா என்று கவனியுங்கள். முன்பு பிடித்தது எதிலும் இப்போது நாட்டமில்லை, தூக்கம் சரியில்லை, பசியில்லை, எந்நேரமும் சோர்வு என்று இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அதைத் திமிர் என்றோ சோம்பல் என்றோ எண்ண வேண்டாம். மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அவரைக் கொண்டாட்டத்துக்கு வற்புறுத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.