காப்புரிமையும் கைப்பக்குவமும்

2021-இல் கேப் டவுனில் உள்ள அஃப்ரிஜென் என்ற சிறிய நிறுவனத்திடம் உலக சுகாதார நிறுவனம் ஒரு வேலையை ஒப்படைத்தது. கோவிட்டுக்கு எம்ஆர்என்ஏ தடுப்பூசி செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். வைரஸின் புரதத்தைச் செய்யும்படி நம் செல்களுக்குச் சொல்லும் மூலக்கூறுதான் எம்ஆர்என்ஏ. கற்றதை மற்ற வளரும் நாடுகளுக்கும் சொல்லித்தர வேண்டும். அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரி அமெரிக்க நிறுவனமான மாடர்னாவின் தடுப்பூசி. பெருந்தொற்று நீடிக்கும்வரை கோவிட் காப்புரிமைகளைக் காட்டி யாரையும் தடுக்க மாட்டோம் என்று மாடர்னா 2020 அக்டோபரிலேயே அறிவித்திருந்தது. தடுப்பூசியின் மரபு வரிசையும், அதாவது அந்த எம்ஆர்என்ஏவில் உள்ள எழுத்துகளின் வரிசையும், ரகசியமாக இல்லை. குப்பிகளின் அடியில் மிஞ்சிய சொட்டுகளிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதைப் படித்தெடுத்து, 2021 மார்ச்சில் இணையத்தில் போட்டுவிட்டார்கள்.

சரி, வழக்குப் பயமும் இல்லை, வரிசையும் கையில் இருக்கிறது. அப்புறம் என்ன தடை?

செய்முறைதான். எம்ஆர்என்ஏ வெறுமனே உடம்புக்குள் போனால் சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால் அதைக் கொழுப்புத் துகளுக்குள் பொதிகிறார்கள். எத்தனாலில் கரைத்த நான்கு வகைக் கொழுப்புகள் ஒரு குழாயில் வரும். லேசான அமில நீரில் கரைந்த எம்ஆர்என்ஏ இன்னொரு குழாயில் வரும். இரண்டும் மோதுகிற இடத்தில், கண்ணிமைக்கும் நேரத்துக்குள், கொழுப்பு எம்ஆர்என்ஏவைச் சுற்றி உருண்டுகொள்ளும். உருண்டையின் குறுக்களவு சுமார் 100 நானோமீட்டர். பாய்ச்சும் வேகம் மாறினால் அளவு மாறும். அமிலத்தன்மை பிசகினால் எம்ஆர்என்ஏ சரியாக உள்ளே அடையாது. ஆய்வகத்தில் துளியளவு செய்துவிடலாம். ஆலையில் லட்சக்கணக்கான டோஸ்களை ஒரே சீராகச் செய்வதற்குப் பழகிய கை வேண்டும். நம் அடுக்களையில் இதைக் கைப்பக்குவம் என்போம்.

காப்புரிமை வேறு சங்கதி. கண்டுபிடிப்பை எழுதி வெளியிட்டால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு மற்றவர்கள் அதைச் செய்யாமல் தடுக்கும் உரிமை கிடைக்கும். கைப்பக்குவத்தையோ யாரும் வெளியிடுவதில்லை. அது வணிக ரகசியமாக நிறுவனத்துக்குள்ளேயே இருந்துவிடும். உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் என்ற அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம் 1995 முதல் இரண்டுக்கும் பாதுகாப்பு தருகிறது.

கோவிட் விஷயத்தில் இந்தப் பாதுகாப்புக்குத் தற்காலிக விலக்கு வேண்டும் என்று 2020 அக்டோபர் 2 அன்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் அந்த அமைப்பில் கோரின. அந்தக் கோரிக்கையில் காப்புரிமை மட்டும் இல்லை, வெளியிடாத செய்முறைத் தகவல்களும் இருந்தன. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் எதிர்த்தன. 2021 மே 5 அன்று, தடுப்பூசிக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம் என்று அமெரிக்கா இறங்கி வந்தது. அந்த நாள்களில் இந்தியாவில் ஆக்சிஜன் சிலிண்டருக்காக ஜனங்கள் ஊரெல்லாம் அலைந்துகொண்டிருந்தார்கள்.

முடிவு வந்தது 2022 ஜூன் 17-இல்தான். தடுப்பூசிக்கு மட்டும், ஐந்தாண்டுகளுக்கு. காப்புரிமையாளரைக் கேட்காமலே அரசு வழங்கும் கட்டாய உரிமம் ஏற்கெனவே சட்டத்தில் இருந்ததுதான். அப்படிச் செய்யும் சரக்கு பெரும்பாலும் உள்நாட்டுக்கே போக வேண்டும் என்ற விதியைத் தளர்த்தினார்கள். ரகசியச் செய்முறையைப் பகிரும் பேச்சு அதில் இல்லை. அதற்குள், 2021 டிசம்பரிலேயே, தேவை குறைந்துபோய், சீரம் நிறுவனம் கோவிஷீல்டு தடுப்பூசி உற்பத்தியை நிறுத்திவிட்டிருந்தது.

காப்புரிமையை விலக்கினாலும் அவர்களுக்குச் செய்யத் தெரியாதே என்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள். அது பொய்யில்லை. ஆனால் தெரிந்தவர்கள் சொல்லித்தரவில்லையே, அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அஃப்ரிஜென்னுக்கு மாடர்னா கைகொடுக்கவில்லை. ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, வெளியே கிடைத்த தகவல்களைக் கொண்டே, 2022 பிப்ரவரிக்குள் ஆய்வக அளவில் அதைச் செய்துவிட்டார்கள்.

சொல்லித்தந்த கதையும் உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டனில் பீட்டர் ஹோட்டஸ், மரியா எலேனா போட்டாஸி என்ற இரு ஆய்வாளர்கள் உருவாக்கிய தடுப்பூசிக்குக் காப்புரிமையே வாங்கவில்லை. வைரஸின் புரதத் துண்டை ஈஸ்ட்டில் வளர்த்தெடுக்கும் முறை அது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்குப் பல ஆண்டுகளாகப் பழகிய வழிதான். செய்முறையை ஹைதராபாத்தின் பயாலஜிக்கல் இ நிறுவனத்துக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 2021 டிசம்பரில் அவசர அனுமதி கிடைத்தது. 2022 மார்ச்சில் 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு இந்தியாவில் போட்டார்களே கோர்பிவேக்ஸ், அது இதுதான்.