கணக்கெடுப்புக்கு முந்தைய கணக்கு

எட்டாம் ஹென்றி ஆண்ட 1541-ல் இங்கிலாந்தின் மக்கள்தொகை சுமார் 28 லட்சம் என்று முன்பொரு கட்டுரையில் எழுதியிருந்தேன். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார். "அங்கே முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே 1801-ல்தானே நடந்தது? அதற்கு 260 ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்தவர்களை யார் ஐயா எண்ணினார்கள்?" என்று கேட்கிறார். மிகச் சரியான கேள்வி. அவர்கள் வாழ்ந்த காலத்தில் அவர்களை யாரும் எண்ணவில்லை. 400 ஆண்டுகள் கழித்து, கேம்பிரிட்ஜில் உட்கார்ந்து எண்ணினார்கள்.

முதலில் 1801. அந்த ஆண்டு மார்ச் 10-ஆம் தேதியை ஒட்டி இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் தலைகள் எண்ணப்பட்டன. கணக்கின் அலகு 'பாரிஷ்'. நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் பங்கு என்றும் சேகரம் என்றும் சொல்வார்களே, அதுதான். ஒரு தேவாலயத்தைச் சுற்றிய ஊர்களும் வயல்களும் சேர்ந்தது ஒரு பங்கு. ஏழைகளுக்கான உதவித் தொகையைக் கவனித்துவந்த உள்ளூர்ப் பொறுப்பாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். ஆள் குடியிருக்கும் வீடுகள் எத்தனை, அவற்றில் குடும்பங்கள் எத்தனை, பூட்டிக் கிடப்பவை எத்தனை, ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, உழவில் எத்தனை பேர், வணிகத்திலும் கைத்தொழிலிலும் எத்தனை பேர். அவ்வளவுதான் கேட்டார்கள். யாருடைய பெயரும் தேவைப்படவில்லை. நாடு முழுவதற்கும் ஒவ்வொருவருடைய பெயரும் எழுதப்பட்டது 1841-லிருந்துதான்.

இந்தக் கணக்கெடுப்பு அரை நூற்றாண்டு முன்பே நடந்திருக்க வேண்டும். 1753-ல் இதற்கான மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஆங்கிலேயரின் எஞ்சியிருக்கும் சுதந்திரத்தையும் இது அழித்துவிடும் என்று வில்லியம் தார்ன்டன் என்ற உறுப்பினர் முழங்கினார். இன்னொரு பக்கம் விவிலியத்தைக் காட்டிப் பயந்தவர்கள். தாவீது ராஜா தன் மக்களை எண்ணினார். கொள்ளைநோய் வந்து 70,000 பேர் மடிந்தார்கள் என்று அதில் இருக்கிறது. பூசணிப் பிஞ்சைச் சுட்டுவிரலால் காட்டாதே, அழுகிவிடும் என்று என் பாட்டி என் கையைத் தட்டிவிடுவார். பிஞ்சு அழுகுவதற்குக் காரணம் மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காததே தவிர என் விரல் அல்ல. ஆனால் ஒரு நாடே அந்தப் பயத்துக்கு இடம் கொடுத்தால் அடுத்த தலைமுறைக்குத் தெரிய வேண்டியது தெரியாமலே போய்விடுகிறது. மசோதா பிரபுக்கள் சபையைத் தாண்டவில்லை.

அப்படியானால் 1801-க்கு முன்னால் என்ன வழி? ஒரு வழி, வீடுகளை வைத்து ஊகிப்பது. 1662 முதல் 1689 வரை கணப்பு வரி என்று ஒன்று இருந்தது. வீட்டில் எத்தனை கணப்பு அடுப்புகளோ, ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங். அதனால் வீடுகளின் பட்டியல் அரசிடம் இருந்தது. கிரிகோரி கிங் என்பவர் 1690-களில் வீடுகளின் எண்ணிக்கையை எடுத்து, வீட்டுக்குச் சராசரியாக இத்தனை பேர் என்று பெருக்கி, இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமாக 55 லட்சம் என்றார். இன்றைய மதிப்பீடுகளுக்கு இது வியக்கத்தக்க அளவு பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அந்தச் சராசரியில் சிறிது பிசகினாலும் விடை லட்சக்கணக்கில் பிசகும்.

என்னை மயக்கிய வழி வேறு. 1538-ல், எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஒவ்வொரு பங்கின் குருவுக்கும் ஓர் ஆணை அனுப்பினார்: ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் பதிந்துவர வேண்டும். அந்த ஏடுகளில் நிறைய இன்னும் இருக்கின்றன. 1964-ல் பீட்டர் லாஸ்லெட்டும் டோனி ரிக்லியும் கேம்பிரிட்ஜில் ஒரு மக்கள்தொகை வரலாற்று ஆய்வுக் குழுவைத் தொடங்கினார்கள். சுமார் 10,000 பங்குகளில் 404 பங்குகளின் ஏடுகள் அவர்கள் கைக்கு எண்களாக வந்து சேர்ந்தன. இந்த மாதம் இத்தனை ஞானஸ்நானம், இத்தனை அடக்கம் என்று படிவங்களை நிரப்பி அனுப்பியவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், உள்ளூர் வரலாற்றில் ஆசை கொண்ட சாதாரண மனிதர்கள். மங்கிய மையையும் கோணல் கையெழுத்தையும் மாலை வேளைகளில் படித்து எண்ணிய அவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை பொங்குகிறது.

அந்த எண்களை நாடு முழுவதற்குமாகப் பெருக்கி, ஏட்டில் ஏறாத பிறப்புகளுக்கும் இறப்புகளுக்கும் திருத்தம் செய்தார்கள். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதவர்கள் உண்டு. ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்த குழந்தைகள் உண்டு. உள்நாட்டுப் போர்க் காலத்தில் பல ஏடுகள் வெறுமையாகக் கிடந்தன. எல்லாம் சரிசெய்த பிறகு கையில் இருந்தவை ஆண்டுவாரியாகப் பிறப்பு, இறப்பு. இதை வைத்துக்கொண்டு மொத்த மக்கள்தொகைக்குப் போவது எப்படி?

இங்கேதான் அந்த அழகான தந்திரம். கடிகாரத்தைப் பின்னோக்கிச் சுற்றுவது.

தொடங்கும் இடம் 1871. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பு, எந்த வயதில் எத்தனை பேர் என்று சொல்லிவிடுகிறது. அங்கிருந்து ஐந்து ஆண்டு பின்னால், 1866-க்குப் போவோம். 1871-ல் 25 முதல் 29 வயதில் இருந்தவர்கள் 1866-ல் 20 முதல் 24 வயதில் இருந்தார்கள். ஒரு கற்பனைக் கணக்கு: அப்படிப்பட்டவர்கள் 870 பேர் என்று வையுங்கள். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் அவர்களின் வயதொத்தவர்கள் 30 பேர் இறந்திருந்தால், 1866-ல் 900 பேர் இருந்திருக்க வேண்டும். இறந்தவர்களை எழுப்பி அவரவர் இடத்தில் உட்கார வைக்கிறோம். அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களையும் திரும்ப அழைத்துக்கொள்கிறோம். 1871-ல் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் மட்டும் மறைந்துவிடுகிறார்கள். 1866-ல் அவர்கள் இன்னும் பிறக்கவில்லையே! இப்படியே ஐந்து ஐந்து ஆண்டுகளாக 1541 வரை படியிறங்கலாம்.

சிக்கல் இரண்டு. அடக்க ஏடுகளில் பெரும்பாலும் இறந்தவரின் வயது இருக்காது. அந்த 30 பேர் எந்த வயதினர் என்று யாருக்குத் தெரியும்? இதற்கு ஆயுள் அட்டவணைகள் உதவின. மரணம் எந்த வயதில் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. குழந்தைகளிடம் அதிகம், இளைஞர்களிடம் குறைவு, முதியவர்களிடம் மீண்டும் அதிகம். கடுமையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, ஏட்டில் இருக்கும் மொத்த இறப்போடு எந்த அட்டவணை பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. 1866-ல் 90-களில் இருந்த முதியவர்களில் ஏறக்குறைய யாரும் 1871-க்கு எஞ்சவில்லை. எஞ்சியவர் இருந்தால்தானே அவரோடு இறந்தவர்களைச் சேர்க்க முடியும்? ஒவ்வொரு படியிலும் உச்சி வயதில் ஒரு வரிசை காலியாக நிற்கும். அதை நிரப்ப, 90 ஆண்டுகளுக்கு முன் எத்தனை பேர் பிறந்தார்கள் என்று ஞானஸ்நான ஏட்டைப் புரட்டி, அதிலிருந்து எத்தனை பேர் அவ்வளவு முதுமை வரை தாக்குப்பிடித்திருப்பார்கள் என்று மதிப்பிட்டார்கள். ஒரு மனிதன் இந்தக் கணக்குக்குள் முதியவனாக நுழைந்து, ஒவ்வொரு படியிலும் இளமையாகி, தன் ஞானஸ்நான நாளில் வெளியேறுகிறான். முதன்முதலாக இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ரிக்லியும் ராஜர் ஸ்கோஃபீல்டும் 1981-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். இங்கிலாந்தின் மக்கள்தொகை 1650-களில் 50 லட்சத்தைத் தாண்டி, பிறகு சற்றே சரிந்து, 18-ஆம் நூற்றாண்டில் பாய்ச்சலாக ஏறியது. அந்தப் பாய்ச்சலுக்குப் பெரிய காரணம் சாவு குறைந்தது என்றுதான் பலரும் நம்பியிருந்தார்கள். ஏடுகள் வேறு கதை சொல்லின. பெண்களின் முதல் திருமண வயது சராசரியாக 26-ஐ ஒட்டி இருந்தது, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 23-ஐ ஒட்டி வந்துவிட்டது. மூன்று ஆண்டு முன்னதாக மணம் முடித்தால் பெரும்பாலும் ஒரு குழந்தை கூடுதல். சாவு குறைந்ததைவிட இந்த ஒரு குழந்தைக்கே பங்கு அதிகம்.

இப்படிப்பட்ட ஆய்வுக்கு வேண்டியது ராக்கெட் அளவு பணமல்ல. ஏடுகளைக் காக்கும் அலமாரி, அவற்றை எண்ணுபவர்களுக்குச் சம்பளம், பல ஆண்டுப் பொறுமை. என் தாத்தா இறந்த தேதியைத் தேடி ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, அந்த ஆண்டுக்கான பதிவேட்டில் கரையான் விட்டுவைத்தது அட்டையை மட்டும்தான். உடனடிப் பயன் உள்ள ஆய்வுக்கே நிதி என்று சொல்பவர்களிடம் அந்த அட்டையைக் காட்ட வேண்டும் போலிருக்கிறது.

கணித ஆசிரியர் அடுத்து எங்கே கை வைப்பார் என்பதும் தெரியும். 1630-களுக்குக் கீழே இறங்கினால், உச்சி வரிசையை நிரப்ப வேண்டிய முதியவர்கள் 1538-க்கு முன்பே பிறந்தவர்கள். அவர்களுக்கு ஏடே கிடையாதே? கிடையாதுதான். அங்கே பிறப்பு எண்ணிக்கையையே ஊகித்தார்கள். அறியாத அளவுகள் இத்தனை இருக்கும்போது விடை ஒன்றுதான் என்று எப்படிச் சொல்வீர்கள் என்று ரொனால்டு லீ என்ற மக்கள்தொகையியலாளரும் கேட்டார். கேம்பிரிட்ஜ் குழுவைச் சேர்ந்த ஜிம் ஊப்பன் முறையையே புதிதாகக் கட்டி, கணக்கை மறுபடி ஓட்டினார். 1997-ல் வெளியான அந்தத் திருத்தத்தில் 1541-க்கான எண், முதலில் வந்த 27.7 லட்சத்திலிருந்து 28 லட்சத்துக்குச் சற்று மேலே நகர்ந்தது. என் கட்டுரையில் இருந்த 28 லட்சம் அங்கிருந்து எடுத்தது.