கேமில் பழகிய கை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் போகிற சாலையில் வலது பக்கம் திரும்பும் வளைவு ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் செம்பனை. மட்டைகள் சாலையோரம் வரை சாய்ந்து நிற்பதால், வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்பது கடைசி நொடி வரை தெரியாது. லைசென்ஸ் படிக்க வரும் பிள்ளைகளை நான் வேண்டுமென்றே இந்த வழியாக ஓட்டச் சொல்வேன்.

போன மாதம் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் ஓட்டினான். மூன்றாவது வகுப்புதான். வளைவு வருவதற்கு முன்பே, வண்டி நேராகப் போகும்போதே பிரேக் பிடித்தான். கியரைக் குறைத்தான். பார்க்க அழகாக இருந்தது. நான் ஓட்டுநர் பயிற்சி கொடுக்கத் தொடங்கிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. மூன்றாவது வகுப்பிலேயே இப்படிப் பிரேக் பிடித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சரி, இவனுக்குச் சொல்லிக்கொடுக்க அதிகம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, வண்டி நடுக்கோட்டைத் தாண்டி எதிர்த் தடத்துக்குள் நுழைந்தது. கை தவறி இல்லை. நிதானமாக, தெரிந்தே கொண்டுபோனான். என் பக்கத்துப் பிரேக்கை மிதித்து, ஸ்டியரிங்கைப் பிடித்து இடது பக்கம் இழுத்தேன். வண்டி எங்கள் தடத்துக்கு வந்து நின்றது. குலை ஏற்றிய லோரி ஒன்று நீளமாக ஹார்ன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனது. அதிலிருந்து விழுந்த உதிரிப்பழம் இரண்டு எங்கள் பம்பருக்கு முன்னால் உருண்டு ஓடியது.

பையனுக்குக் கை நடுங்கியது. கொஞ்சம் தெளிந்ததும், "சார், அதுதானே சரியான லைன்?" என்று கேட்டான்.

அவன் சொன்னது தப்பில்லை. ரேஸ் பாதையில் அதுதான் சரியான லைன். வெளி ஓரத்திலிருந்து தொடங்கி, வளைவின் உள்முனையைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போனால் வளைவின் ஆரம் பெரிதாகும், அதிக வேகத்தோடு திரும்பலாம். செப்பாங் ரேஸ் பாதையில் 5.543 கிலோமீட்டர் தூரமும், 15 வளைவுகளும் அப்படித்தான் ஓட்ட வேண்டும். அங்கே எல்லா வண்டியும் ஒரே திசையில் போகும். இந்தப் பையன் வீட்டில் ஸ்டியரிங், பெடல் எல்லாம் வாங்கி வைத்து அசெட்டோ கோர்சா என்கிற ரேஸ் சிமுலேட்டர் கேம் விளையாடுகிறவன். இரண்டு வருடமாக அந்த லைனைத்தான் பழகியிருக்கிறான். நம் சாலையில் வலது வளைவின் உள்முனை எதிரே வருகிறவனுடைய இடம் என்பதை எந்த கேமும் அவனுக்குச் சொல்லவில்லை.

தோட்டத்துப் பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். "அண்ணே, பையன் ராப்பகலா கார் கேம் விளையாடுறான். ஓட்டக் கத்துக்க அது நல்லதா கெட்டதா?" பலரும் நினைப்பது, நைட்ரோ, அதாவது திடீர் வேகம் கொடுக்கும் பட்டன், அடித்துப் பறக்கிற ஆர்கேட் கேம் கெட்டது, நிஜம் மாதிரி இருக்கிற சிமுலேட்டர் நல்லது என்று. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது அப்படிச் சொல்லமாட்டேன். இரண்டுமே ஏதோ ஓர் இடத்தில் பொய் சொல்கின்றன. எந்த கேம் எந்த இடத்தில் பொய் சொல்கிறது என்று விளையாடுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் சாலைக்கு வந்தால்தான் ஆபத்து.

ஆர்கேட் கேமை முதலில் பார்ப்போம். அது பிறந்தது காசு போட்டு ஆடும் எந்திரத்தில். 1986இல் செகா வெளியிட்ட அவுட்ரன், 1993இல் நாம்கோ வெளியிட்ட ரிட்ஜ் ரேசர் இரண்டும் அந்த வகை. காசு போட்டவனுக்குச் சில நிமிடத்துக்குள் பறக்கிற சந்தோஷம் கிடைக்க வேண்டும். முதல் வளைவிலேயே சுவரில் மோதி நின்றால் அவன் அடுத்த காசைப் போடமாட்டான். அதனால் பிரேக்குக்கு அங்கே பெரிய வேலை கிடையாது. ரிட்ஜ் ரேசரில் எண்ணெயிலிருந்து (ஆக்சிலரேட்டரிலிருந்து) காலை எடுத்து, ஸ்டியரிங்கை ஒடித்து, மறுபடி எண்ணெயை மிதித்தால் வண்டி பின்பக்கம் வழுக்கி அழகாகத் திரும்பும். அப்புறம் வந்த பல கேம்களில் அப்படி வழுக்கினால் நைட்ரோ நிரம்பும், பாயின்ட் கிடைக்கும். வேகம் குறையாமல் வளைவுக்குள் போனதற்குப் பரிசு!

இந்த வகையில் ஊறிய இன்னொரு பையன் என்னிடம் படித்தான். அவனுக்கு பிரேக் என்று ஒன்று இருப்பதே கடைசியில்தான் நினைவுக்கு வரும். முதலில் வளைவுக்குள் நுழைவான், பிறகு ஸ்டியரிங்கை ஒடிப்பான், வண்டி திரும்பவில்லை என்றால் இன்னும் ஒடிப்பான். மைவி, ஆக்சியா, இப்போது ஓடும் சாகா என்று நம் ஊரில் பிள்ளைகள் கையில் கிடைக்கும் காடிகளில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை. முன்சக்கரம்தான் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். அளவுக்கு மீறிய வேகத்தில் வளைவுக்குள் போனால் அந்தச் சக்கரத்துக்குப் பிடிமானம் மிஞ்சாது. வண்டி ரிட்ஜ் ரேசர் மாதிரி வழுக்கித் திரும்பாது. மூக்கு வெளிப்பக்கம் நேரே போகும், கால்வாயில் இறங்கும். ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் அதுதான்.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டைவிரலால் கேம் கன்ட்ரோலரின் குச்சியைத் தட்டி ஓட்டுகிறவன் ஒரு நொடியில் முழு ஒடிப்பு ஒடித்துவிடுவான். ஆனால் வண்டி வேகமாகப் போகும்போது அந்த ஒடிப்பை கேமே குறைத்துத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். இல்லாவிட்டால் யாராலும் நேராக ஓட்ட முடியாது. அப்படிக் குறைத்துக் கொடுப்பது அவனுக்குத் தெரியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் சாலையில் ஒரு பள்ளத்தைப் பார்த்ததும் அதே கை அதே மாதிரி தட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சிமுலேட்டர் வந்த கதை வேறு. வீட்டில் உட்கார்ந்து ஆடுகிறவன் மணிக்கணக்கில் பொறுமையாக இருப்பான் என்பதால் அவனிடம் உழைப்பைக் கேட்கலாம். 1997இல் வந்த கிரான் துரிஸ்மோ அதைத்தான் செய்தது. அதில் போட்டிக்குள் நுழையவே லைசென்ஸ் எடுக்க வேண்டும். வேகமெடுத்துக் குறித்த கட்டத்துக்குள் நிறுத்து, இந்த வளைவை இந்த நேரத்துக்குள் முடி என்று பரீட்சை வைக்கும். என் தொழிலை ஒரு கேமுக்குள் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. நேராக இருக்கும்போது பிரேக் பிடி, திரும்பும்போது பிடிக்காதே, டயருக்கு ஒரு அளவு பிடிமானம்தான் உண்டு, அதைப் பங்கு போட்டுச் செலவு செய் என்பதை நான் வாயால் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏறாது. நல்ல சிமுலேட்டர் நூறு தடவை மோதவிட்டு உணர்த்திவிடும். அதிலிருந்து நிஜப் பந்தயத்துக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். நிசானும் பிளேஸ்டேஷனும் சேர்ந்து 2008இல் தொடங்கிய, கேம் ஆடுகிறவர்களிலிருந்து பந்தய ஓட்டுநரைத் தேடும் ஜிடி அகாடமி போட்டியில் முதலில் வென்றவர் ஸ்பெயினின் லூக்காஸ் ஓர்தோனியஸ். 2011இல் வென்றவர் பிரிட்டனின் ஜான் மார்டன்பரோ. இரண்டு பேரையும் கேமிலிருந்து நேரே பந்தயத்தில் இறக்கிவிடவில்லை. நிஜக் காரில் பயிற்சி கொடுத்த பிறகுதான் இறக்கினார்கள்.

ஆனால் சிமுலேட்டர் சொல்லிக்கொடுப்பது வண்டியின் எல்லை வரை போகும் கலை. சாலையில் நமக்கு அந்த எல்லையின் பக்கமே போக வேலையில்லை. லிந்தாங் வளைவில் அந்தப் பையனுடைய கை சுத்தமாக இருந்தது, கண்தான் தப்பான இடத்தைப் பார்த்தது. உள்முனையைப் பார்த்தான். எதிரே என்ன வரும் என்று பார்க்கவில்லை. சிமுலேட்டரில் ஆடு மாடு வராது. விளக்கில்லாத மோட்டார் சைக்கிளில் ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர் வரமாட்டார். பள்ளி விட்டதும் லயத்துப் பிள்ளைகள் சைக்கிளில் மூன்று பேராகப் பக்கத்தில் பக்கத்தில் வரமாட்டார்கள். ஆர்கேட் பையனாவது சாலைக்கு வந்ததும் 'இது வேறு' என்று பயந்துகொண்டே ஓட்டினான். சிமுலேட்டர் பையனுக்கு அந்தப் பயம் இல்லை, தனக்கு ஏற்கெனவே ஓட்டத் தெரியும் என்று நம்பினான். இருவரில் எனக்கு அதிகக் கவலை கொடுத்தவன் இவன்தான்.

வேகத்தை உணர்வதில் இரண்டு வகையுமே ஏமாற்றும். திரையில் 60 என்பது ஆமை. 200 போனால்தான் வேகம் மாதிரி தெரியும். நைட்ரோ அடிக்கும்போது பார்வையை அகலமாக்கி, ஓரங்களைக் கலங்கலாக்கி, கேமராவை ஆட்டி வேகத்தைக் கூட்டிக் காட்டுவார்கள். அது கலை, அதில் தப்பில்லை. அந்தக் கண்ணோடு கூட்டரசு சாலையில் ஏறினால் 90 என்பது நடப்பது மாதிரி இருக்கும். அதனால் நான் பிள்ளைகளிடம் கணக்குப் போடச் சொல்வேன். 60இல் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் போகும். ஆபத்தைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒரு நொடி வேண்டும். அதற்குப் பிறகு காய்ந்த தாரில் நிற்பதற்கு ஏறக்குறைய இன்னொரு 20 மீட்டர். 90இல் அதே ஒரு நொடிக்கு 25 மீட்டர், நிற்பதற்கு 45 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, பிரேக் தூரம் இரண்டே கால் மடங்கு ஆகிவிட்டது. மழை பெய்தால் இன்னும் நீளும். தோட்டத்து முனையில் லோரி இழுத்து வந்த செம்மண் தாரின் மேல் படிந்திருக்கும். முதல் தூறலில் அது சோப்பு மாதிரி.

மழை என்றதும் நினைவுக்கு வருகிறது. 2015இல் வந்த ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட் 6இல் தேங்கிய தண்ணீரில் சக்கரம் ஏறினால் பிடிமானம் போய் வண்டி மிதக்கும். அதை விளையாடிய பிள்ளைகளுக்கு நான் தண்ணீரில் வேகத்தைக் குறைக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பதில்லை. இப்படிப்பட்ட பாடம் கிடைக்கிற இடத்தில் கேமுக்கு நன்றி சொல்லித்தான் ஆக வேண்டும்.

எனக்கு உண்மையில் மனம் ஒப்பாத ஒன்று ரீவைண்ட். 2008இல் வந்த கிரிட் கேமில் மோதிய பிறகு நேரத்தைப் பின்னால் இழுத்து மறுபடி ஓட்டலாம். ஃபோர்சாவிலும் அது வந்தது, அப்புறம் பல கேம்களில் பரவியது. ஏன் வைத்தார்கள் என்று புரிகிறது. பத்துச் சுற்று நன்றாக ஓட்டியவன் கடைசி வளைவில் மோதினால் கேமையே மூடிவிடுவான். கடுமையான கேமை எல்லாரும் விளையாட வைக்க அது நல்ல வழி. ஆனால் ஓட்டக் கற்றுக்கொள்ளும் வயதில் அந்தப் பட்டனில் விரல் பழகக் கூடாது. உண்மையான கார்ப் பெயர் வைத்த கேம்கள் பலவற்றில் மோதினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. கிரான் துரிஸ்மோவில் வண்டி நசுங்குவது கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதே 2010இல் வந்த ஐந்தாம் பாகத்தில்தான்.

என் ஆபீசில் ஒரு பழைய லேப்டாப் வைத்திருக்கிறேன். அதில் பீம்என்ஜி என்கிற கேம் இருக்கிறது. அதில் வண்டியின் ஒவ்வொரு பாகமும் மோதலுக்கு ஏற்றபடி நெளியும். சின்ன வண்டி ஒன்றை 60இல் சுவரில் மோதவிட்டுக் காட்டுவேன். அதே வண்டியை 90இல் மோதவிடுவேன். எஞ்சின் எங்கே வந்து நிற்கிறது, ஓட்டுநர் கால் வைக்கும் இடம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டுவேன். அது முடிந்து வண்டியில் ஏறும்போது பிள்ளைகள் சீட் பெல்ட்டை நான் சொல்லாமலே போட்டுக்கொள்வார்கள்.

அந்தப் பையனுடைய அம்மா ஸ்டியரிங் செட்டை விற்றுவிடலாமா என்று போனில் கேட்டார். "வேணாம்மா, வெச்சிருக்கட்டும்" என்றேன். பையனிடம் சில வேலை கொடுத்தேன். பார்வையை ஓட்டுநர் இருக்கைக்கு மாற்று. ரீவைண்டையும், பாதை காட்டும் கலர்க் கோட்டையும் எடுத்துவிடு. வாரத்தில் ஒரு நாள் நேரத்தைப் பார்க்காதே, எதிரே மற்ற வண்டிகளும் வரும் சாலை இருக்கும் கேமில் இடது தடத்தை விட்டு ஒரு சக்கரமும் வெளியே போகாமல் அரை மணி நேரம் ஓட்டு. பிரிட்டனை வைத்துச் செய்த ஃபோர்சா ஹொரைசன் 4இல் நம் ஊர் மாதிரியே இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், உன்னிடம் இருந்தால் அதை எடுத்துக்கொள் என்றேன். மீதி நாளெல்லாம் உன் இஷ்டம், நைட்ரோ அடி, டிரிஃப்ட் போடு, சந்தோஷமாக இரு என்றும் சொன்னேன். விளையாட்டில் சந்தோஷம் இல்லாவிட்டால் அதை ஏன் விளையாட வேண்டும்?

முதல் வாரம் "சார், ரொம்ப போரு" என்றான். இரண்டாம் வாரம் வந்தபோது, இடது தடத்திலேயே ஓட்டினால் வளைவுக்கு அந்தப் பக்கம் எவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்று அவனாகவே சொன்னான். லிந்தாங் வளைவில் இப்போது ஓரத்து வெள்ளைக் கோட்டை ஒட்டியே போகிறான்.

போன வாரம் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) லைசென்ஸ் டெஸ்ட். சாலையில் பாஸ். மேட்டில் ஃபெயில். வண்டி பின்னால் இறங்கிவிட்டது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் துடுப்பைத் தட்டியே இரண்டு வருடம் கியர் மாற்றியவனுக்குப் பாதிக் கிளட்ச் இன்னும் காலுக்குள் வரவில்லை. மறு டெஸ்டுக்குத் தேதி எடுத்திருக்கிறோம். அதுவரை தினமும் சாயங்காலம் மேட்டில் அரை மணி நேரம்.