ஸ்லாக் 'டொக் டொக்'னு தட்டும்போது மண்டைக்குள்ள என்ன ஆகுது?

ஸ்லாக்னா ஆபீஸ்ல ஒருத்தருக்கொருத்தர் மெசேஜ் போட்டுக்கற ஆப். அதுல மெசேஜ் வந்த சத்தம் கேட்டுச்சு, ஆனா நான் திறந்து பாக்கல, அதனால வேலை கெடலன்னு நெறைய பேர் சொல்வாங்க. கெடும். 2015-ல ஃப்ளோரிடா ஸ்டேட் யூனிவர்சிட்டி ஆளுங்க இத டெஸ்டே பண்ணி பாத்தாங்க, கம்ப்யூட்டர்ல கண்ணு எடுக்காம செய்ய வேண்டிய வேலைய குடுத்துட்டு நடுவுல போனுக்கு காலும் மெசேஜும் வர வெச்சாங்க, போன தொடாதவங்க கூட கூடுதலா தப்பு பண்ணாங்க. யாரு, என்ன விஷயம்னு மனசு ஓட ஆரம்பிச்சா போதும்.

திறந்து பாத்தா இன்னும் மோசம். ப்ரோக்ராம்ல ஒரு பக், அதாவது தப்பு, எங்கன்னு தேடிட்டு இருக்கீங்க, இந்த ஃபங்ஷன் அத கூப்பிடுது, அங்க இந்த வேல்யூ காலியா வருதுன்னு நாலஞ்சு விஷயத்த ஒண்ணா தலைல புடிச்சு வெச்சிருக்கீங்க, அப்பதான் "அந்த ஃபைல் எங்க இருக்கு?"ன்னு ஒருத்தர் கேக்குறாரு. பதில் போட அரை நிமிஷம் தான். ஆனா புடிச்சு வெச்சதெல்லாம் போச்சு, திரும்ப முதல்ல இருந்து கோக்கணும். ஒரு வேலைய பாதில விட்டு இன்னொண்ணுக்கு போனா மனசுல கொஞ்சம் பழசுலயே ஒட்டிக்கிட்டு நிக்கும்னு சோஃபி லெராய்ங்கற ஆய்வாளர் 2009-லயே எழுதிட்டாங்க.

இதுக்கு நடுவுலயும் நான் முடிச்சு குடுத்துடறேனேன்னு கேப்பீங்க. உண்மைதான், க்ளோரியா மார்க்ங்கற ஆய்வாளரோட டீம் 2008-ல பாத்ததும் அதான், இடைஞ்சல் இருந்தவங்க வேகமாவே முடிச்சாங்க, ஆனா ஸ்ட்ரெஸ்ஸும் எரிச்சலும் ஏறிடுச்சு.

அப்ப மொத்தமா ஆஃப் பண்ணிடலாமா? அதுவும் சரியா வராது. 2019-ல வந்த ஒரு ஆய்வுல போன் நோட்டிஃபிகேஷன மொத்தமா நிறுத்துனவங்களுக்கு எதையோ மிஸ் பண்றோம்ங்கற பதட்டம் தான் கூடுச்சு, நாளைக்கு மூணு தடவ மட்டும் மொத்தமா வாங்குனவங்க தான் நிம்மதியா இருந்தாங்க.

ஸ்லாக்லயும் மொத்தமா நிறுத்தாம, தேவையானது மட்டும் வர மாதிரி செட் பண்ணலாம். செட்டிங்ஸ்ல டைரக்ட் மெசேஜ், மென்ஷன், கீவேர்டுக்கு மட்டும்னு வைங்க. கீவேர்ட்ல நீங்க பாத்துக்கற ப்ராஜெக்ட் பேரு, 'ப்ரொடக்ஷன் டவுன்' மாதிரி ரெண்டு மூணு போதும். பிறந்தநாள் வாழ்த்து சேனல், மீம் சேனல் எல்லாத்தையும் ம்யூட் பண்ணுங்க, உங்க பேர டேக் பண்ணா அதுலயும் நம்பர் காட்டும், அதனால பயம் வேணாம்.

அனுப்பறவங்களுக்கும் இதுல பங்கு இருக்கு. மெசேஜ்ல அட் சேனல் (@channel) போட்டா அந்த சேனல்ல இருக்கற அத்தன பேருக்கும் அடிக்கும், அட் ஹியர் (@here) போட்டா அப்ப ஆக்டிவா இருக்கறவங்களுக்கு மட்டும். கேக் வெட்ட கூப்பிட ரெண்டுமே தேவையில்ல (ஆனா அதுக்குதான் அதிகமா போடுறாங்க). ராத்திரி தோணுச்சுன்னா ஷெட்யூல் பண்ணி காலைல போற மாதிரி விடுங்க. நிஜமாவே அவசரம், எதிர்ல இருக்கறவரு நோட்டிஃபிகேஷன நிறுத்தி வெச்சிருக்காரு, அப்ப மெசேஜ் போட்டதும் 'இருந்தாலும் தெரியப்படுத்தவா'ன்னு ஸ்லாக்கே கேக்கும், சர்வர் நின்னு போனா தாராளமா அமுக்குங்க, லீவ் லெட்டருக்கு வேணாம்.