சமன்பாடு: சொல்லும் பொருளும்

'மெக்னீசியத்தைக் காற்றில் எரித்தால் மெக்னீசியம் ஆக்சைடு கிடைக்கும்.' இதற்கு வேதிச் சமன்பாடு எழுதச் சொன்னால், பலர் இடப்பக்கம் மெக்னீசியத்தை எழுதிவிட்டு அப்புறம் விழிப்பார்கள். அதோடு சேர வேண்டிய ஆக்சிஜன் 'காற்றில்' என்ற ஏழாம் வேற்றுமைக்குள் ஒளிந்திருக்கிறது.

சமன்பாடு, ஈக்வேஷனுக்கான தமிழ்ச் சொல். சமன் + பாடு. 'படு' நீண்டு 'பாடு' ஆனது. கட்டுப்பாடு, வெளிப்பாடு எல்லாம் இதே வார்ப்புதான். 'சமன்' வடசொல் வழி வந்தது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் வள்ளுவரே 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்' என்று 118ஆம் குறளில் ஆண்டிருக்கிறார். வேதியியலுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை வேண்டுமா என்ன? சமன்பாட்டின் நடுவே நிற்கும் அம்புக்குறிக்கு இரு பக்கமும் அணுக்கள் எண்ணிக்கை மாறாமல் நிற்க வேண்டும், தராசுத் தட்டுகளைப் போல. ஈக்வேஷனின் லத்தீன் வேருக்கும் சமமாக்குதல் என்றே பொருள்.

முன்னால் நிற்கும் 'வேதி' இன்னும் சுவையானது. வேதித்தல் என்றால் மாற்றுதல். தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்கும் வித்தையை 'வேதை' என்பார்கள். இலங்கையில் இதையே இரசாயனச் சமன்பாடு என்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே இருக்கட்டும்.

பொருள்களின் பெயர்களை மட்டும் வைத்து எழுதுவது சொற்சமன்பாடு. பிரான்சில் வேதியியலாளர் லவாய்சியர் 1789இல் வெளியிட்ட நூலில், நொதித்தலை விளக்க, திராட்சைச் சாறு = கார்பானிக் அமிலம் (இன்றைய பெயரில் கார்பன் டை ஆக்சைடு) + ஆல்கஹால் என்று எழுதினார். நாம் இன்று பயன்படுத்தும் எழுத்துக் குறியீடுகளுக்கு அடித்தளம் போட்ட பெர்சீலியஸ் அதற்குப் பிறகுதான் வருகிறார்.

தமிழ் வாக்கியம் இந்த வேலைக்கு நன்றாகவே ஒத்துழைக்கும். 'துத்தநாகம் நீர்த்த கந்தக அமிலத்துடன் வினைபுரிந்து துத்தநாக சல்பேட்டையும் ஹைட்ரஜனையும் தரும்.' இதில் 'உடன்' ஒரு கூட்டல் குறி. 'வினைபுரிந்து' என்ற வினையெச்சம்தான் அம்புக்குறி. 'ஐ' வந்தவை விளைபொருள்கள், நடுவே 'உம்' மறுபடியும் கூட்டல். ஆனால் உருபை மட்டும் நம்பினால் சறுக்கும். 'மெக்னீசியத்தை எரித்தால்' என்பதிலும் 'ஐ' இருக்கிறது, மெக்னீசியமோ வினைபடுபொருள், அதாவது வினையில் இறங்கும் பொருள். 'இல்' அதைவிடப் பொல்லாதது. சோடியத்தை நீரில் போட்டால் நீர் வினைபடுபொருள். உப்பை நீரில் கரைத்தால் நீர் வெறும் கரைப்பான். இந்த வேறுபாட்டை இலக்கணம் சொல்லாது, வேதியியல் தெரிந்திருக்க வேண்டும்.

எத்தனை என்பதையும் வாக்கியம் சொல்வதில்லை. ஆக்சிஜன் மூலக்கூறில் அணுக்கள் இரண்டிரண்டாக இருப்பதால், முதல் வாக்கியம் இப்படித்தான் முடியும்: 2 மெக்னீசியம் + 1 ஆக்சிஜன் மூலக்கூறு → 2 மெக்னீசியம் ஆக்சைடு.

இந்த எண்களைப் போடுவதைத்தான் சமன்செய்தல் என்கிறோம். வழக்கமாகத் தவறு நடக்கும் இடமும் இதுதான். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும் வினையில் வலப்பக்கம் ஓர் ஆக்சிஜன் அணு குறைகிறதே என்று, நீரின் வாய்பாட்டில் (H₂O) ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு 2 போட்டுவிடுவார்கள். கணக்கு நேராகிவிடும், சரி. ஆனால் விளைபொருள் இப்போது நீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு. அந்த 2 நீரின் வாய்பாட்டுக்கு முன்னால் வர வேண்டும். ஹைட்ரஜனுக்கு முன்னாலும் இன்னொரு 2.