பழனிக்கு நடந்த கால்கள் கேதாரத்துக்குப் போதுமா?

சித்திரை பிறந்துவிட்டால் காரைக்குடியில் என் கிளினிக்குக்கு ஒரு தனி ரகக் கூட்டம் வரும். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, கையில் ஒரு படிவம் மட்டும் இருக்கும். சுற்றுலா ஏற்பாட்டாளர் கேட்கிற உடல்தகுதிச் சான்று. பெரியவர்களுக்குக் கேதார்நாத், பத்ரிநாத், முக்திநாத். கொஞ்சம் வசதியும் துணிச்சலும் உள்ளவர்களுக்குக் கைலாஷ். பேரப்பிள்ளைகளுக்கு லடாக்கில் பைக்.

"கையெழுத்து மட்டும் போடுங்க டாக்டர். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலேருந்து பழனிக்கு நடக்கிறவன் நான். எனக்கென்ன?"

காவடி எடுத்துப் பழனிக்கு நடப்பது சாதாரண விஷயமில்லை. முழங்கால், இதயம், மனஉறுதி மூன்றும் நன்றாக இருப்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் 3,500 மீட்டர் உயரத்தில் அவர் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றி அந்த நடை எதையுமே சொல்லாது. உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவதால் வரும் மலைநோய் திடகாத்திரமானவரா, நோஞ்சானா என்று பார்த்து வருவதில்லை. ஜிம்முக்குப் போகிற இருபத்தைந்து வயதுப் பையன் படுத்துவிடுவான், கூட வந்த ஆச்சி தெம்பாக உட்கார்ந்து தேன்குழல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இளைஞர்கள் வேகமாக ஏறுகிறார்கள், தலைவலியை மறைக்கிறார்கள். அதுதான் அவர்களுக்கு வினை.

இன்னொரு நம்பிக்கையும் நம் பக்கம் உண்டு. "முதல்ல காசியில நகரச் சத்திரத்துல நாலு நாள் தங்கி உடம்பைப் பழக்கிக்கிட்டுத்தான் மேல போறோம்" என்பார்கள். காசி கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூடக் கிடையாது. காரைக்குடியும் அப்படித்தான். விசுவநாதர் தரிசனத்துக்கு வேண்டுமானால் அந்த நாலு நாள் உதவும், நுரையீரலுக்கு உதவாது.

மேலே மரங்கள் இல்லாததால்தான் ஆக்ஸிஜன் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. லடாக்கின் லே நகரிலும் காற்றில் 21 சதவீதம் ஆக்ஸிஜன்தான், தேவகோட்டையிலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். பத்து மெத்தையை அடுக்கி வைத்தால் அடியில் இருப்பது நெருக்கி அமுங்கியும், மேலே இருப்பது உப்பலாகவும் இருக்கும் இல்லையா? நாம் வாழ்வது அடி மெத்தையில். 3,500 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கிற ஆக்ஸிஜன் இங்கே கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 5,500 மீட்டரில் பாதி.

உடம்பு இதைச் சமாளிக்கத் தெரிந்ததுதான். மூச்சின் வேகத்தைக் கூட்டும், இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும், சிறுநீரகம் ரத்தத்தின் காரத் தன்மையைச் சரிசெய்யும். ஆனால் இதற்கெல்லாம் நாள் வேண்டும். மதுரையில் காலை விமானம் பிடித்து, டெல்லியில் மாறி, மறுநாள் லேயில் இறங்குகிறவருக்கு அந்த நாள் கிடைப்பதில்லை.

அதனால் நான் முதலில் கேட்பது ஈசிஜி அல்ல, பயணத் திட்டம். அதில் பகலில் எங்கே போகிறார்கள் என்பதைவிட, இரவு எங்கே படுக்கிறார்கள் என்பதைத்தான் பார்ப்பேன். 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் மலைநோய் வரலாம். 3,000 மீட்டரைத் தாண்டினால், படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை உயரம் கூட்டாமல் அதே இடத்தில் ஒருநாள் தங்க வேண்டும்.

லடாக் போகும் பிள்ளைகள் 5,359 மீட்டர் கார்துங் லா கணவாயைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். அங்கே படம் எடுத்துவிட்டு உடனே இறங்கிவிடுவார்கள். எனக்குக் கவலை, பாங்காங் ஏரிக்கரையில் 4,200 மீட்டருக்கு மேல் கூடாரத்தில் கழிக்கிற இரவுதான். லேயில் இரண்டு நாள் சும்மா இருங்கள், பிறகு அதைவிடத் தாழ்வான நூப்ராவில் தங்குங்கள், பாங்காங் கடைசியில் இருக்கட்டும் என்று சொல்வேன். முகம் வாடிவிடும். லீவு ஐந்து நாள்தானே!

கைலாஷ் திட்டத்தில் வேறு சிக்கல். 2020 முதல் நின்றிருந்த அரசு யாத்திரை 2025இல் மறுபடி தொடங்கியது. லிபுலேக், நாதுலா கணவாய்கள் வழியாகப் போகும் அதில் டெல்லியிலேயே கடுமையான மருத்துவப் பரிசோதனை உண்டு. வயது 70க்கு மேல் என்றால் சேர்க்க மாட்டார்கள், உடல் எடைக்குக்கூட வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் பலர் போவது நேபாளம் வழியாக, தனியார் ஏற்பாட்டில். காத்மாண்டு சுமார் 1,400 மீட்டர். அடுத்து திபெத் எல்லை ஊரான கேருங், 2,800 மீட்டருக்குப் பக்கம். அதற்கடுத்து சாகா, ஏறக்குறைய 4,500. கேருங்கிலிருந்து சாகாவுக்கு ஒரே நாளில் ஜம்மென்று வண்டியில் ஏறிவிடுகிறார்கள். கேருங்கில் கூடுதலாக ஒருநாளாவது தங்க வைக்காத திட்டத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

என்னிடம் சர்க்கரைக்கு மருந்து எடுக்கிற ஒருவருக்கு அந்தச் சாகாவில்தான் நடந்தது. போய்ச் சேர்ந்த இரவு தலைவலி, வாந்தி. 'பஸ் குலுக்கல்' என்று சொல்லிப் படுத்துவிட்டார். காலையில் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி கழிப்பறைக்குப் போயிருக்கிறார். ஸ்வெட்டர் பொத்தானைப் போடத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். கூட வந்தவர்கள் தூக்கம் பத்தவில்லை என்றார்கள். அவர் மனைவிதான் பிடிவாதமாக நின்றார்: "இவுக இப்படி ஆளே இல்லை. வண்டியைத் திருப்புங்க." ஆக்ஸிஜன் வைத்து, வழிகாட்டியோடு கேருங்குக்கு இறக்கினார்கள். இறங்க இறங்கப் பேச்சு தெளிந்தது. மானசரோவரைப் பார்க்காமல் திரும்பியதில் அந்த அம்மாவுக்கு இன்னமும் வருத்தம்தான். ஆனால் மூளையில் நீர் கோர்த்து வீங்கும் நிலை அது. அன்று மேலே போயிருந்தால் சில மணி நேரத்திலேயே நினைவிழந்திருப்பார்.

மலைநோய் சாதாரணமாகத் தலைவலியில்தான் ஆரம்பிக்கும். மேலே போய்ச் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் அன்று இரவு வரும். கூடவே குமட்டல், பசியின்மை, அசதி, தலைசுற்றல். உயரத்தில் வந்த தலைவலிக்கு வேறு காரணம் நிச்சயமாகத் தெரியும்வரை அது மலைநோய்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் ஓய்வெடுத்து, ஒரு பாராசிட்டமால் போட்டு, மறுநாள் சரியானால் தொடரலாம். தலைவலியோடு மட்டும் மேலே ஏறாதீர்கள்.

உயிரை எடுப்பவை இரண்டு. ஒன்று மேலே சொன்ன மூளை வீக்கம். சந்தேகம் வந்தால் தரையில் நேர்கோட்டில், ஒரு காலின் குதிகால் மறுகாலின் பெருவிரலைத் தொட்டபடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் அப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டாவது, நுரையீரலில் நீர் கோர்ப்பது. இது தலைவலி இல்லாமலும் வரும். பெரும்பாலும் இரண்டாவது இரவு. நேற்றுவரை நன்றாக நடந்தவர் இன்று நாலடி வைத்தால் நிற்பார், வறட்டு இருமல் இருமுவார், பிறகு உட்கார்ந்திருந்தாலே மூச்சு வாங்கும், முற்றினால் நுரைத்த இளஞ்சிவப்புச் சளி வரும். இதைச் 'சளிக் காய்ச்சல்' என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுத்துப் படுக்க வைப்பதுதான் ஆபத்து. இரண்டுக்கும் வைத்தியம் கீழே இறக்குவது. ஆக்ஸிஜன், டெக்ஸாமெத்தசோன், நிஃபெடிபின் போன்ற மருந்துகள் எல்லாம் இறங்கும்வரை தாக்குப்பிடிக்கத்தான். ராத்திரியாக இருந்தாலும் இறக்க வழி தேடுங்கள், நோயாளியைத் தனியாக அனுப்பாதீர்கள்.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் மறைக்கிறார்கள்? "நம்மால குரூப்புக்குத் தொந்தரவு வேண்டாம்" என்பதால்தான். நாற்பது பேர் போகும் பேருந்தில் ஒருவருக்காக எல்லோரும் நிற்பதா என்ற கூச்சம். கிளம்பும் முன்பே குழுவுக்குள் பேசிவிடுங்கள்: யாருக்காவது முடியவில்லை என்றால் யார் கூட இறங்குவது, எந்த வண்டி, யார் செலவு.

ஒரு இடைச்செருகல். கொரோனாவுக்குப் பிறகு எல்லார் பையிலும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருக்கிறது. லேயிலிருந்து நள்ளிரவில் '88 காட்டுது டாக்டர்' என்று அழைப்பு வரும். இங்கே 88 என்றால் நானே ஆம்புலன்ஸ் அனுப்புவேன். அங்கே முதல் நாளில் அது பலருக்கும் வருகிற எண். குளிரில் விறைத்த விரலில் தப்பாகவும் காட்டும். எண்ணைவிட ஆளைப் பாருங்கள். அதேபோல், தூங்கும்போது மூச்சு சில விநாடி நின்று நின்று வருவதைப் பார்த்துப் பக்கத்தில் படுத்தவர் பயந்துவிடுவார். உயரத்தில் அது சகஜம். ஆனால் தூக்க மாத்திரையும் மதுவும் அதை மோசமாக்கும்.

கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்ந்தால் ஆக்ஸிஜன் அதிகமாகக் கிடைத்துவிடாது, மூக்கு திறந்தது போலத் தோன்றும், அவ்வளவே. கடையில் விற்கும் சின்ன ஆக்ஸிஜன் டப்பா சில நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

பயன் தருகிற மாத்திரை டையமாக்ஸ், அதாவது அசிட்டசோலமைடு. 1962 போருக்குப் பிறகு நம் ராணுவம் வீரர்களைச் சமவெளியிலிருந்து திடீரென்று இமயத்துக்கு ஏற்றியபோது கிடைத்த பாடங்கள் இந்தத் துறைக்கு முக்கியமானவை. ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் குழுவினரும் 1,925 வீரர்களிடம் கண்டதை 1969இல் வெளியிட்டார்கள். டையமாக்ஸைத் தடுப்புக்காக எடுப்பதென்றால் பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று, ஏறுவதற்கு முதல் நாளே தொடங்க வேண்டும். விரல் நுனி மதமதக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், சோடா குடித்தால் சப்பென்றிருக்கும். பயப்பட வேண்டாம். ஆனால் சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், கிட்னியில் கல் வந்தவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. இதைப் போட்டுவிட்டோம் என்று வேகமாக ஏறவும் கூடாது.

பெண்கள் வழியில் கழிப்பறை இல்லை என்று தண்ணீரே குடிப்பதில்லை. நீர் வற்றினால் வரும் தலைவலியும் மலைநோய்த் தலைவலியும் ஒன்றுபோல இருக்கும், எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விடும். தாகத்துக்குத் தக்கபடி குடித்தால் போதும், குடம் குடமாக வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் விரதம் இருந்துகொண்டு வழக்கமான இன்சுலினைப் போடாதீர்கள். பசி குறைகிற இடத்தில் சர்க்கரை தாழ்ந்தால் அந்தத் தள்ளாட்டமும் குழப்பமும் மலைநோய் போலவே தெரியும். தகர டப்பாவில் கொண்டுபோகிற மாவுருண்டை அப்போதுதான் உபயோகப்படும். இன்சுலினை உள்சட்டைப் பையில் வையுங்கள், உறைந்தால் வீண். பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள், மேலே பிரஷர் கூடத்தான் செய்யும்.

கேதாரத்துக்கு ஹெலிகாப்டரில் போய்த் தரிசனம் முடித்து அன்றே இறங்குபவருக்கு மலைநோய் வர நேரமே இருக்காது. ஆனால் இதயக் குழாய் அடைப்பும் நாள்பட்ட நுரையீரல் நோயும் நேரம் பார்ப்பதில்லை, இறங்கி நாலு படி ஏறும்போதே தெரிந்துவிடும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவருக்கும், படுத்தால் மூச்சு முட்டுகிறவருக்கும் நான் கையெழுத்துப் போடுவதில்லை, எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும். முன்பு ஒருமுறை மேலே நுரையீரலில் நீர் கோர்த்தவர்களுக்கு மறுமுறையும் வர வாய்ப்பு அதிகம். அவர்களை ஒரேயடியாகத் தடுக்க வேண்டியதில்லை. மெதுவாக ஏறும் திட்டமும், நுரையீரலுக்கென்று மருத்துவர் தரும் தடுப்பு மாத்திரையும் வேண்டும். ஆகவே டிக்கெட் போடுவதற்கு முன்னால் அதைச் சொல்லுங்கள்.