ஆசை எழும் முன்பே கைபேசியைத் தயார் செய்யுங்கள்

குடியை நிறுத்தத் தங்கிச் சிகிச்சை பெற்று, இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்குத் திரும்புகிறவர் முதல் சில நாட்களிலேயே குடித்துவிடுவதை நான் அதிகம் கண்டதில்லை. வீட்டார் சுற்றி இருப்பார்கள், அவருக்கும் உறுதி இருக்கும். காலபோக நெல்லை விற்ற காசு கைக்கு வரும் நாளும், கூலி கிடைக்கும் சனிக்கிழமை மாலையும்தான் சோதனை. மீண்டும் குடித்தவர்களிடம் எங்கே தொடங்கியது என்று கேட்டால், பலர் கசிப்பு என்ற கள்ளச்சாராயத்தையோ தவறணை என்ற மதுக்கடையையோ முதலில் சொல்வதில்லை. ஒரு தொலைபேசி அழைப்பைச் சொல்கிறார்கள்.

ஆகவே செயலிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் கைபேசியைச் சுத்தப்படுத்த வேண்டும். கசிப்பு கொண்டுவந்து தருகிறவர், ஐஸ் என்ற போதைப்பொருளை விற்கிறவர், கூட்டுச் சேர்ந்து குடிக்கும் நண்பர்கள் ஆகியோரின் இலக்கங்களை அழித்துத் தடை செய்ய வேண்டும். அந்த வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து விலக வேண்டும். முடிந்தால் சிம்மையே மாற்றிவிடலாம். இதை அவரே, தன் கையால் செய்ய வேண்டும். அவர் தூங்கும்போது மனைவி அழித்த இலக்கம் மறுநாளே திரும்பி வந்துவிடும்.

குடிக்கும் ஆசை எழுந்து, உச்சத்துக்குப் போய், தானாகவே தணியும். அதற்கு இடங்கொடுக்காவிட்டால் பெரும்பாலும் அரை மணிநேரத்துக்குள் அடங்கிவிடும். அந்த நேரத்தில் மனிதர் நிதானமாக யோசிக்க மாட்டார், இலக்கம் தேடவும் மாட்டார். அதனால் தெளிவாக இருக்கும் பகலிலேயே எல்லாவற்றையும் ஆயத்தப்படுத்துகிறோம். கைபேசியின் முகப்பிலேயே மூன்று பேரின் இலக்கங்கள் இருக்கும். ஏன் நிறுத்தினேன் என்று அவர் தன் குரலிலேயே பேசிப் பதிந்த ஒலிப்பதிவு ஒன்றும் இருக்கும். ஆபத்தான நேரத்துக்குச் சற்று முன்னர் அலாரம் ஒலிக்கும். முள்ளியவளைப் பக்கம் உழவு இயந்திரம் ஓட்டும் ஒருவருக்கு அந்த நேரம் மாலை ஐந்து மணி. பசி, களைப்பு, தனிமை, முதலாளி மீதான கோபம் எல்லாம் அப்போதுதான் ஒன்றுசேரும். நான்கரைக்கு அலாரம் அடித்ததும் சாப்பிட்டுவிட்டு அக்காவுக்கு அழைப்பு எடுப்பது என்று தீர்மானித்தோம். அவருக்கு உதவியது அவ்வளவுதான்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மதுவுக்காகத் தங்கிச் சிகிச்சை பெற்று வெளியேறிய 349 பேரில் ஒரு பகுதியினருக்கு ஏ-செஸ் என்ற செயலியுடன் ஸ்மார்ட் போன் கொடுத்தார்கள். அவசரத்தில் அழுத்த ஒரு பொத்தான் அதில் இருந்தது. பழைய குடிக்கும் இடத்தை நெருங்கினால் எச்சரிக்கவும் செய்தது. செயலி கிடைத்தவர்கள் அளவு மீறிக் குடித்த நாட்கள் மாதத்துக்குச் சராசரியாக 1.39, செயலி கிடைக்காதவர்களுக்கு 2.75. என் பார்வையில், பொத்தானுக்கு மறுமுனையில் ஆட்கள் இருந்ததுதான் அதன் பலம்.

இங்கே உட்கிராமங்களில் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. ரீலோட் தீர்ந்துபோன கைபேசி ஒன்றையே முழுக் குடும்பமும் பாவிக்கும் வீடுகள் பல. ஆகவே மிஸ்ட் கோல் ஏற்பாடு நல்லது: அவர் ஒரு மணி அடித்துவிட்டு வைத்தால், நாங்கள் திருப்பி எடுப்போம். கிளினிக்குக்கு வராதவருக்குக் குறுந்தகவல் அனுப்பும்போது காரணத்தை எழுதக் கூடாது. பிள்ளைகள் வாசிப்பார்கள்.

குடிக்காத நாட்களை எண்ணும் செயலிகளில் எனக்கு ஒரு கவலை உண்டு. ஒரு நாள் தவறினால் கணக்கு பூச்சியத்துக்குப் போய்விடுகிறது. எல்லாம் போய்விட்டது, இனி என்ன என்று மனம் உடைந்து தொடர்ந்து குடிப்பவர்களை நான் அறிவேன். மொத்தம் எத்தனை நாள் குடிக்காமல் இருந்தார் என்பதைக் கலண்டரில் குறிப்பதே மேல். கைபேசி வழியாக அவர் போகுமிடத்தைக் கண்காணிப்பதையும் நான் ஏற்பதில்லை. அவர் கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போவார்; உதவிக்கு அழைக்கும் வழியும் அதோடு அடைபடும். 2009இல் முடிந்த போரின் நினைவுகளால் தூக்கமின்றிக் குடிக்கிறவருக்கு எந்தச் செயலியும் போதாது. அவர் மனநல வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

தவறிக் குடித்துவிட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927. தினமும் அதிகமாகக் குடித்தவர் வைத்திய ஆலோசனையின்றித் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஹெரோயினை விட்டிருந்தவர் பழைய அளவையே மீண்டும் எடுத்தால் உயிரே போகலாம், ஏனெனில் உடல் அந்த அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலமானால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அது வரும்வரை அவரைத் தனியே விடாதீர்கள். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள்.